சைலன்சர் மாற்றினால் மாறுவது எந்தச் சத்தம்?

கோவையில் காருக்கு சைலன்சர் மாற்றுவது கஷ்டமான வேலை இல்லை. குறிச்சி சிட்கோ பக்கம் போனால் எஸ்.எஸ். பைப்பை வளைக்கவும் ஆர்கான் வெல்டிங் வைக்கவும் கைதேர்ந்தவர்கள் கிடைப்பார்கள். என்ன சத்தம் வேண்டும் என்று அவர்களிடம் சொல்வதுதான் கஷ்டம். “நல்லா பேஸா இருக்கோணும்” என்று கேட்பவர்களே அதிகம். அந்த பேஸ்தான் பிறகு தலைவலி ஆகிறது.

இந்த விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது 2021 ஸ்விஃப்ட், 1.2 லிட்டர், நான்கு சிலிண்டர். செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டுவதற்கென்றே என் மைத்துனர் வைத்திருக்கும் வண்டி. பின்னால் இருக்கும் கம்பெனி சைலன்சருக்குப் பதிலாக, உள்ளூரில் செய்த 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேன். உள்ளே துளையிட்ட நேர்க்குழாய், அதைச் சுற்றி கண்ணாடி இழைப் பஞ்சு, அவ்வளவுதான். கம்பெனி சைலன்சரில் வாயு அறை அறையாகத் திரும்பித் திரும்பிப் போய் அடங்கும். இதில் தடையில்லாமல் நேராக வெளியேறும். உச்சஸ்தாயிச் சத்தத்தைப் பஞ்சு நன்றாக உறிஞ்சிவிடும், அடித்தொனியை அவ்வளவாகத் தொடாது.

இணைப்பை ஃப்ளாஞ்ச் வைத்துச் செய்யச் சொல்லியிருந்தோம். போல்ட்டைக் கழற்றி, ஹேங்கர் ரப்பரில் சோப்புத் தண்ணீர் விட்டு நகர்த்தினால் கேன் கையோடு வந்துவிடும். ரோட்டில் பழைய சைலன்சர், ட்ராக்குக்குள் புதியது.

முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகையும் எண்ணெய் வாடையும் வரும். வெல்டிங் வேலையின் மிச்சம்தான், சூடேறினால் போய்விடும். ஐடிலிங்கில் பெரிய வித்தியாசம் இல்லை. 4,000 சுற்றைத் தாண்டியதும் குரல் திறக்கிறது. சுத்தமான, அடர்த்தியான நாதம். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மெல்லிய உறுமலோடு இறங்குகிறது. எனக்கு மனசார பிடித்தது இந்த நிலைதான்.

அடுத்து, வேண்டுமென்றே நடுவில் இருக்கும் ரெசனேட்டரையும் எடுத்துவிட்டு வெறும் பைப் போட்டுப் பார்த்தோம். பட்டறைக்காரர் முன்பே சொன்னார்: “கேக்கறதுக்கு நல்லாத்தானுங்ண்ணா இருக்கும். பைபாஸ்ல ஒரே ஸ்பீடுல போனீங்கன்னா தலய வலிக்குமுங்.”

அவர் சொன்னது அப்படியே நடந்தது. 2,700 சுற்றில் சீராகப் பிடித்தால் காதில் அழுத்துகிற மாதிரி ஒரு ‘ம்ம்ம்’. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆக, சுற்றை 30-ஆல் வகுத்தால் அடித்தொனி கிடைக்கும்: 2,700-க்கு 90 ஹெர்ட்ஸ். சிறிய காரின் கேபின் நீளம் சுமார் இரண்டு மீட்டர். அந்த நீளத்துக்குள் தானாக அதிரும் அலையும் 85 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் வரும். இரண்டும் சேர்ந்தால் காரே ஒரு தவில் ஆகிவிடுகிறது. 2024-ல் வந்த புதிய ஸ்விஃப்ட்டில் மூன்று சிலிண்டர்தான். அதே சுற்றில் 67 ஹெர்ட்ஸ், குரலும் வேறு. அதனால் நண்பர் வண்டியில் நன்றாக இருந்த கேனை அப்படியே வாங்கி மாட்டாதீர்கள்.

போனில் டெசிபல் ஆப் வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒரு சங்கதி. பொதுவாக மீட்டர்கள் காட்டும் டிபி(ஏ) அளவில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 19 டெசிபல் கழிக்கப்படும். தலையை வலிக்கச் செய்யும் முழக்கம் எண்ணில் ஏறக்குறைய மறைந்தே போகும். காதைத்தான் நம்ப வேண்டும், அதுவும் ஒரே வேகத்தில் ஓட்டிக் கேட்ட பிறகு.

2018-ல் கோவை ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸ் டாடாவோடு சேர்ந்து டியாகோ ஜேடிபி கொண்டுவந்தபோது, எக்ஸாஸ்ட் குரலையும் அவர்களே மாற்றிக் கொடுத்தார்கள். கம்பெனியே செய்ததால் அது ரோட்டில் ஓடலாம். நாம் பட்டறையில் செய்வது அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு உற்பத்தியாளர் கொடுத்த அமைப்பை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இரைச்சலுக்கு 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பு. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், இரவு பதினோரு மணிக்கு ஆர்.எஸ்.புரம் தெருவில் தூங்கும் குழந்தைக்கு நம் நான்காயிரம் சுற்று நாதம் வெறும் இரைச்சல்தான்.

பவர் கூடுமா என்று கேட்பவர்களுக்கு: டர்போ இல்லாத இந்த எஞ்சினில் பின் கேனை மட்டும் மாற்றினால் உணரும்படி எதுவும் கூடவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்தால் கூடும் என்று யார் சொன்னாலும் கை வைக்காதீர்கள். பிஎஸ்-6 வண்டியில் அதற்குப் பின்னாலும் ஒரு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறது, எஞ்சின் விளக்கு எரியும், புகைச் சான்றும் சிக்கலாகும்.

ஆக, ட்ராக்குக்கு என் தேர்வு: ரெசனேட்டர் இருக்கட்டும், பின் கேனை மட்டும் மாற்றுங்கள். பட்டறையில் கேனின் மூடியை வெல்ட் வைக்க விடாமல் ரிவெட் அடித்துத் தரச் சொல்லுங்கள். சூட்டில் பஞ்சு நாளடைவில் கருகிப் போகும், சத்தம் கரகரப்பாகும். ரிவெட்டை உடைத்துப் புதுப் பஞ்சு சுற்றினால் பழைய குரல் திரும்பிவிடும்.