தனித் தரகரும் வீட்டுக் கிரயமும்: ஒரு மதிப்பீடு

தமிழ்நாட்டில் பழைய வீடொன்றை விற்கவோ வாங்கவோ முற்படும் குடும்பம் பெரும்பாலும் முதலில் நாடுவது வழக்கறிஞரையோ வங்கியையோ அன்று. அந்தப் பகுதியில் பல காலமாகத் தொழில் செய்யும் தரகரைத்தான். கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பணியாளராகவோ பெரிய தரகு நிறுவனத்தின் கிளையாகவோ இல்லாமல், கைப்பேசியையும் இரண்டு மூன்று தெருக்களின் பழக்கத்தையும் முதலாகக் கொண்டு, முடித்துக் கொடுத்த கிரயத்துக்கு மட்டும் கமிஷன் பெறுபவரே இங்குத் தனித் தரகர் எனப்படுகிறார். அவரைப் பற்றிய பொதுக் கருத்து இரு துருவங்களில் நிற்கிறது. ஒரு சாரார் அவரை வேலையின்றிப் பணம் பறிப்பவர் என்கின்றனர். மறு சாரார் அவர் இல்லாமல் வீடு முடியாது என்கின்றனர். இவ்விரு தீர்ப்புகளும் அவருடைய குணத்தை எடைபோடுகின்றனவே ஒழிய, அவருக்குக் கூலி எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

அவருடைய பலம் உண்மையானது. வீட்டின் சந்தை விலையை அறிய நம்பகமான பொதுப் பதிவு எதுவும் இங்கு இல்லை. முத்திரைத் தீர்வையைக் கணக்கிட அரசு தெருவாரியாக நிர்ணயிக்கும் குறைந்தபட்ச மதிப்பான வழிகாட்டி மதிப்பை ஒட்டியே பல பத்திரங்கள் எழுதப்படுவதால், கைமாறிய உண்மைத் தொகை பத்திரத்தில் தென்படாமலே போய்விடுகிறது. அதை அறிந்தவர்கள் விற்றவரும் வாங்கியவரும் நடுவில் நின்ற தரகரும் மட்டுமே. அதனால் அடுத்த தெருவில் சென்ற மாதம் முடிந்த விலை என்ன என்ற தகவலே அவருடைய முதன்மையான சரக்கு. 2015 வெள்ளத்தில் வேளச்சேரியிலோ முடிச்சூரிலோ எந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது, எந்த அடுக்குமாடியில் ஒப்புதல் பெற்ற வரைபடத்துக்கு மேல் ஒரு தளம் எழும்பியிருக்கிறது, எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பாகம் தீரவில்லை என்பனவும் அதில் அடங்கும். இணையதள விளம்பரங்கள் அறைகளின் எண்ணிக்கையையும் சதுர அடியையும் சொல்லுமே தவிர இவற்றைச் சொல்வதில்லை. தரகரே வேண்டாம் என்ற முழக்கத்தோடு வந்த தளங்களால் தெருத் தரகரை அகற்ற முடியாமல் போனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

குறை தொடங்குவது கூலியின் அமைப்பில். விற்பவர், வாங்குபவர் இரு தரப்பிலும் ஒரு விழுக்காடோ இரண்டு விழுக்காடோ கமிஷன் பெறுவது வழக்கம். 80 லட்சம் ரூபாய்க்குக் கேட்கப்படும் வீட்டை விற்றுக் கொடுத்தால், ஒரு விழுக்காட்டுக் கணக்கில் ஒரு தரப்பிலிருந்து தரகருக்கு 80,000 ரூபாய் கிடைக்கும். இரண்டு மாதம் பொறுத்து 84 லட்சத்துக்கு விற்றால் உரிமையாளருக்கு நான்கு லட்சம் கூடும். தரகருக்குக் கூடுவது 4,000 ரூபாய்தான். அந்த 4,000 ரூபாய்க்காகக் காத்திருக்கையில் பார்ட்டி வேறு தரகரிடம் போய்விட்டால் 80,000 ரூபாயும் கைநழுவும். எனவே தரகர் விலையை ஏற்றிவிடுகிறார் என்ற பரவலான சந்தேகம் பாதி அளவே சரி. அவருடைய நலன் விலையின் ஏற்றத்திலோ இறக்கத்திலோ அல்ல, விரைவில்தான் குடிகொண்டிருக்கிறது. விற்பவரிடம் இறங்கி வரும்படியும் வாங்குபவரிடம் ஏறி வரும்படியும் ஒரே மாலையில் அவர் பேசுவதன் பொருளும் இதுவே. அமெரிக்கப் பொருளியலாளர்களான ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் இருவரும் சிகாகோ பகுதி வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை, முகவர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது வாடிக்கையாளரின் வீட்டைவிடச் சராசரியாக 9.5 நாள் கூடுதலாகக் காத்திருந்து 3.7 விழுக்காடு அதிக விலை பெறுவதைக் காட்டியது. உரிமம் பெற்ற முகவர்கள் தொழில் செய்யும் நாட்டிலேயே நிலை இதுவென்றால், இங்குள்ள தரகரை மட்டும் பேராசைக்காரர் என்று பழிப்பது பொருந்தாது.

இந்த அவசரத்திலிருந்தே மற்றக் குறைகள் பலவும் கிளைக்கின்றன. இன்றே கொடுக்காவிட்டால் வேறு பார்ட்டி வந்துவிடுவார் என்று சொல்லி டோக்கன் அட்வான்ஸ் கொடுக்க வைப்பது அவற்றுள் ஒன்று. பத்திரங்களைப் படிக்கும் முன்பே கை கட்டுண்டுபோகிறது. சொத்தின் மீது பதிவான பரிமாற்றங்களையும் அடமானங்களையும் காட்டும் வில்லங்கச் சான்றிதழை நீட்டி, சொத்து சுத்தமானது என்று உறுதி கூறுவது மற்றொன்று. பதிவாகாத வாய்மொழிப் பாகப்பிரிவினையும், உரிமை கோரக்கூடிய வாரிசுகளும், நடப்பிலுள்ள பல வழக்குகளும் அச்சான்றிதழில் இடம்பெறுவதில்லை. தாய்ப்பத்திரம் முதலான பத்திரத் தொடர்ச்சியைச் சரிபார்க்கும் வேலையைத் தரகரிடமோ அவர் அழைத்து வரும் பத்திர எழுத்தரிடமோ ஒப்படைப்பது அவரிடம் இல்லாத தகுதியை அவர்மேல் ஏற்றுவதாகும். பொது அதிகாரப் பத்திரத்தின் வழியான விற்பனை உரிமையை மாற்றாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதிகாரப் பத்திரம் பெற்ற முகவர், உரிமையாளரின் சார்பில் கிரயப் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்து தருவது வேறு. அதிகாரப் பத்திரத்தையே கிரயமாகக் கொள்வது வேறு. இந்த வேறுபாட்டை வாங்குபவருக்கு விளக்க வேண்டியவர் வழக்கறிஞரே.

அவசரத்தோடு சேராத ஒரு குறையும் உண்டு. உரிமையாளர் சொன்ன விலைக்கு மேல் ஒரு தொகையை வைத்து விற்று, கமிஷனோடு அந்த மேல்தொகையையும் எடுத்துக்கொள்வதைத் தொழிலின் இயல்பு என்றே சிலர் கருதுகின்றனர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு எதிரானது: முகவர் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்றும், முதல்வருக்கு, அதாவது தம்மை அமர்த்தியவருக்கு, அறிவிக்காமல் அவருடைய வியாபாரத்தில் தமக்கென ஈட்டிய ஆதாயத்தை அவர் உரிமை கோரலாம் என்றும் அது கூறுகிறது. ஆயினும் எழுத்தில் எதுவும் இல்லாத இடத்தில், தரகர் யாருடைய முகவர் என்பதையே நிறுவுவது அரிது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இந்த இடைவெளியை அடைத்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு, பதிவுக்கு உட்பட்ட மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்பனைக்குத் துணைநிற்கும் முகவர்கள் பதிவு செய்துகொள்வதைக் கட்டாயமாக்குகிறது. பதியாதவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம், சொத்து மதிப்பில் ஐந்து விழுக்காடு வரை அபராதம் உண்டு. ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு முன் கட்டிய தனி வீட்டின் மறுவிற்பனை எந்தத் திட்டத்துக்குள்ளும் அடங்குவதில்லை. தனித் தரகரின் தொழில் பெரும்பாலும் நடப்பது அங்கேதான். ஆகவே பதிவு எண்ணைக் கேட்டுப் பார்ப்பது பயனுள்ளதே என்றாலும், அது நேர்மைக்கோ திறமைக்கோ சான்றாகாது.

இந்நிலையில் தரகரைத் தேர்ந்தெடுப்பது அவர் நல்லவரா என்று விசாரிப்பதோடு முடிந்துவிடக் கூடாது. அதே பகுதியில் அண்மையில் எந்தெந்த வீடுகளை என்ன விலைக்கு முடித்தார் என்று கேட்பதும், அவ்விலையை வேறொரு தரகரிடம் ஒத்துப் பார்ப்பதும் அவருடைய சரக்கைச் சோதிக்கும் வழி. விற்பவர்கள் பத்துத் தரகர்களிடம் ஒரே வீட்டைச் சொல்லி வைப்பது போட்டியை உண்டாக்கும் என்று நம்புகின்றனர்; நடப்பதோ தலைகீழ். உழைப்புக்கு உறுதியில்லாததால் எவரும் முனைந்து உழைப்பதில்லை, யார் முந்துவது என்ற ஓட்டத்தில் விலைதான் அடிபடுகிறது. ஒருவருக்கு மட்டும் இரண்டு மூன்று மாதக் கெடு வைத்துக் கொடுப்பது அந்த அவசரத்தைத் தணிக்கும். தாம் ஏற்கும் அடித்தள விலைக்கு மேல் கிடைப்பதில் கூடுதல் விழுக்காட்டை வெளிப்படையாகவே தருவதாகப் பேசிக்கொள்ளலாம். மறைவில் எடுக்கப்படும் மேல்தொகையைவிட இது இரு தரப்புக்கும் மேலானது.

வாங்குபவரின் நிலை இன்னும் நலிவானது, ஏனெனில் அவருக்கென்று மட்டும் பேசும் முகவர் இங்கு அநேகமாக இல்லை. அமெரிக்காவில் கமிஷன் முறை குறித்த வழக்குகளின் சமரசத்தை அடுத்து, 2024 ஆகஸ்ட் முதல், அங்குள்ள தேசிய முகவர் சங்கத்தைச் சார்ந்த பட்டியல் சேவைகளில் பங்கேற்கும் முகவர், வீட்டைச் சுற்றிக் காட்டும் முன்பே வாங்குபவரோடு கூலியைக் குறிப்பிட்டு எழுத்து ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று. இங்கு அவ்வாறான கட்டாயம் இல்லையெனினும், ஒரு பக்கத் தாளில் கமிஷன் எவ்வளவு, மறுதரப்பிலும் பெறுகிறாரா, எப்போது தரப்படும் என்று எழுதிக் கையொப்பமிடுவதைத் தடுப்பாரும் இல்லை. விழுக்காட்டுக்குப் பதிலாக முன்கூட்டியே பேசிய நிலையான தொகையைத் தருவதாக இருந்தால், பேரத்தில் விலையைக் குறைத்ததற்காகத் தரகர் இழப்பது எதுவுமில்லை. கமிஷன் வழக்கமாகப் பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலக வளாகத்திலேயே கைமாறிவிடுகிறது. அதில் ஒரு பகுதியை, பட்டா வாங்குபவரின் பெயருக்கு மாறும் வரை, குறிப்பாக நில அளவையரின் வருகை தேவைப்படும் உட்பிரிவுள்ள மனைகளில், நிறுத்திவைப்பதாக அந்தத் தாளில் எழுதிவிட்டால், பத்திரம் பதிவான மறுநாளும் தரகர் தொலைபேசியை எடுப்பார்.