'மொழி மரபணு' என்னும் தொடரும் மொழித் தோற்ற ஆய்வும்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

மனித மொழியின் உயிரியல் தோற்றம் பற்றிய எழுத்துகளில் ஃபாக்ஸ்பி2 என்னும் மரபணுவை 'மொழி மரபணு' எனச் சுட்டும் வழக்கம் உண்டு. இலக்கண நோக்கில் இத்தொடர் ஒரு தொகை. 'மொழியை உண்டாக்கும் மரபணு' எனவும், 'மொழிக்குத் துணைபுரியும் மரபணு' எனவும் இதனை விரிக்கலாம். முன்னது மொழியின் காரணத்தைச் சுட்டும். பின்னது மொழிக்கு வேண்டிய துணைகளுள் ஒன்றைச் சுட்டும். சான்றுகள் பின்னதற்கே இடந்தருகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து.

குறைபாடு தரும் சான்று

ஆய்வுலகில் கே.இ. எனக் குறிக்கப்பெறும் இலண்டன் குடும்பத்தில் மூன்று தலைமுறையினருள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பேச்சுக் குறைபாடு இருந்தது. 1990இல் மைர்னா கோப்னிக் இதனைக் காலம், எண் முதலிய இலக்கணக் கூறுகளைக் கையாளுவதில் உள்ள குறைபாடாக விளக்கினார். ஆயின், வாய், முகத் தசைகளின் ஒருங்கியக்கமும் இவர்களிடம் பாதிப்புற்றிருந்ததை 1995இல் ஃபரனே வர்கா-காதெம் குழுவினர் காட்டினர். 2001இல் இக்குறைபாட்டிற்குரிய மாற்றம் ஃபாக்ஸ்பி2இல் கண்டறியப்பட்டது. இம்மரபணு தரும் புரதம் பிற மரபணுக்களின் செயற்பாட்டைக் கட்டுப்படுத்துவது. மூளையில் மட்டுமன்றி நுரையீரலிலும் செயற்படுவது. ஆகவே இலக்கணத்திற்கெனவே அமைந்த மரபணு என இதனைக் கொள்ள இயலாது. வீணையின் ஒரு நரம்பு அறுந்தால் இசை கெடும். அதனால் அந்நரம்பே இசையைப் படைத்தது என்றாகாது.

படிமலர்ச்சி தரும் சான்று

மனிதரின் இப்புரதம் சிம்பன்சியின் புரதத்திலிருந்து இரண்டு அமினோ அமிலங்களில் வேறுபடுகிறது. 2002இல் வுல்ஃப்காங் எனார்ட் குழுவினர் 20 பேரின் மரபணு வரிசைகளை ஆராய்ந்து, கடந்த 2,00,000 ஆண்டுகளுக்குள் இம்மரபணு இயற்கைத் தேர்வுக்கு உட்பட்டதாகக் கணித்தனர். தற்கால மனிதரின் தோற்றக் காலத்தோடு இக்கணிப்பு ஒத்துப்போனதால் 'மொழி மரபணு' என்னும் கருத்து வலுப்பெற்றது. 2007இல் அதே இரண்டு மாற்றங்களும் ஸ்பெயினின் எல் சித்ரோன் குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புகளில் காணப்பட்டன. 2018இல் ஆப்பிரிக்கர் உள்ளிட்ட பல்வேறு மக்களின் தரவுகளை ஆராய்ந்த எலிசபெத் அட்கின்சன் குழுவினர், அண்மைக்காலத் தேர்வுக்குச் சான்றில்லை என்றும், முந்தைய முடிவு மாதிரித் தெரிவின் விளைவாகலாம் என்றும் கூறினர்.

இம்முடிவுகளை மறுதலையாகக் கொள்வதும் தவறு. நியாண்டர்தால்களிடம் அம்மாற்றங்கள் இருந்தமையால் அவர்கள் மொழி பேசினர் என வாதிடுவோரும் 'உண்டாக்கும்' என்னும் விரியையே ஏற்றுக்கொள்கின்றனர். மேலும், சீப்ரா ஃபின்ச் பறவைக் குஞ்சுகளின் மூளையில் இம்மரபணுவின் அளவைக் குறைத்தபோது அவை பாடலைக் குறைவாகவும் பிழையாகவுமே கற்றன. ஒலியைக் கேட்டுக் கற்பதில் இதற்குள்ள பங்கு மனிதருக்கு மட்டும் உரியதன்று என்பதை இது உணர்த்துகிறது.

முடிவுரை

ஃபாக்ஸ்பி2 மொழி ஆய்வில் இன்றியமையாததே. எனினும் அது மொழிக்குத் துணைபுரியும் மரபணுக்களுள் ஒன்று. அதன் வயதைக் கொண்டு மொழியின் வயதைக் கணிக்க இயலாது. பொருளை மயங்கவைக்கும் தொகையைத் தவிர்த்து, அதன் விரியையே ஆய்வுரைகளில் எழுதுதல் தகும்.