மக்கள் விருப்பும் கமத்தொழிற் கொள்கையும்: 2021 ஆம் ஆண்டுப் பசளைத் தடை குறித்து

மக்களின் விருப்பு மாறுங்கால் அரசின் கமத்தொழிற் கொள்கையும் மாறவேண்டும் என்பதை மறுப்பார் இலர். எவருடைய விருப்பு, எத்துணை விரைவில் என்பனவே வினாக்கள். 2021 மே மாதத்தில் இலங்கை அரசு இரசாயனப் பசளை, பீடைநாசினி ஆகியவற்றின் இறக்குமதியைத் தடைசெய்தமை இவ்வினாக்களை ஆராய்தற்கு ஏற்ற உதாரணமாகும்.

நஞ்சற்ற உணவை மக்கள் வேண்டினர் என்பது பொய்யன்று. வடமத்திய மாகாணக் கமக்காரரிடையே 1990களிலிருந்து அறியப்பட்ட சிறுநீரக நோய் ஆழ்ந்த அச்சத்தை விளைத்திருந்தது. அதன் காரணம் ஐயந்திரிபற நிறுவப்படாதபோதும் பழி விவசாய இரசாயனங்கள் மீதே வீழ்ந்தது. 2019 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தல் விஞ்ஞாபனமொன்று, பத்தாண்டுகளிற் சேதனப் பசளைக்கு மாறுவதாக வாக்களித்தது. அப்பத்தாண்டு ஒரு வர்த்தமானி அறிவித்தலுக்குள் சுருங்கியதேன்? விருப்பு முன்வாயிலால் வந்தது. அன்னியச் செலாவணித் தட்டுப்பாடு பின்வாயிலால் வந்தது என்பதே எமது கருத்து.

கணக்கை நோக்குக. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. கூட்டெருவிலோ ஏறத்தாழ ஒன்று அல்லது இரண்டு பங்கே. 50 கிலோ மூடையொன்றிலுள்ள 23 கிலோ நைதரசனைக் கூட்டெருவாகப் பெறுவதற்கு ஒரு தொன்னுக்கு மேல், சிலவேளை இரண்டு தொன்னுக்கும் மேல், வயலுக்குச் சுமத்தல் வேண்டும். அதுவும் பயிர் வேண்டும் வேளையில் முழுவதும் கிடைப்பதில்லை. 1962 தொடக்கம் பசளை மானியம் வழங்கியும், பசளைக்கு நன்கு விளைவுகாட்டும் புதிய நெல்லினங்களைப் பரப்பியும் கமக்காரனை யூரியாவுக்குப் பழக்கியது அரசே. அவனுடைய விருப்பு மக்கள் விருப்பாகக் கொள்ளப்படவில்லை.

நுகர்வோரின் விருப்பும் ஒன்றன்று. நஞ்சற்ற உணவு கேட்கும் வாயும், சந்தையிற் புழு துளைத்த கத்தரிக்காயை ஒதுக்கிப் பளபளப்பானதையே பொறுக்கும் கையும் ஒருவருடையனவே. (இக்கட்டுரையாளரும் விலக்கல்லர்.) மேடையிற் சொல்லப்படும் விருப்பை மட்டும் கேட்டு, விலை கொடுக்கும்போது வெளிப்படும் விருப்பைக் கேளாத கொள்கை பாதி மக்களையே கேட்டதாகும். சேதன விளைபொருளுக்குத் தனிச் சந்தையும், நம்பத்தக்க தரச்சான்றும், விளைச்சல் குறையும் ஆண்டுகளுக்கான ஈட்டுதவியும் முதலில் அமைந்திருப்பின், விருப்பு மெய்யானதா என்பது விலையிலேயே தெரிந்திருக்கும்.

நவம்பர் மாத இறுதியில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அப்போகத்து நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. யூரியாவோ பழைய மானிய விலையில் மீளவில்லை. எவருடைய கட்டளையுமின்றிச் சேதனப் பயிர்ச்செய்கை செய்துவந்த சிலரும் அத்தடையின் அவப்பெயரைச் சுமக்க நேர்ந்தது.