'ஆகவே' சொல்லும் பொய்ச்சாட்சி

ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளுக்கு 250 மதிப்பெண். அதற்குப் பயிற்சி தரும் கையேடுகளில் ஒரு பட்டியலை அடிக்கடி பார்க்கலாம்: மேலும், ஆகவே, இருப்பினும், மறுபுறம், இறுதியாக. பத்திக்கு ஒன்றைத் தலையில் வைத்தால் கட்டுரைக்கு ஓட்டம் வந்துவிடுமாம். தமிழில் எழுதுகிறவருக்கும் வங்க மொழியில் எழுதுகிறவருக்கும் ஒரே மருந்துதான். வாசகர் வழி தவறாமலிருக்க இணைப்புச் சொற்கள் வேண்டாமா என்று இதற்கு வக்காலத்தும் வாங்குகிறார்கள்.

வேண்டும். சீர்திருத்தவாதி ராம்மோகன் ராய் 1815இல் கல்கத்தாவில் 'வேதாந்த கிரந்த' என்ற வங்க மொழி நூலை வெளியிட்டபோது, உரைநடை படித்துப் பழகாத வங்காளிகளுக்கு முன்பகுதியிலேயே பாடம் நடத்த வேண்டியிருந்தது. 'எப்போது', 'எப்படி' என்று வந்தால் அதற்குரிய 'அப்போது', 'அப்படி' எங்கே என்று பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள், வினைச்சொல் வரும்வரை பொருள் முடிந்ததாக எண்ணாதீர்கள் என்ற அளவில் அந்தப் பாடம் அமைந்தது. இணைப்புச் சொல்லின் பயனை இதற்குமேல் யாரும் நிறுவ வேண்டியதில்லை.

ஆனால் அவர் சொன்னது என்ன? ஒரு சொல் வந்தால் அதன் இணையைத் தேடு என்றார். முன்னால் வாங்கிய கடன் பின்னால் தீர்ந்ததா என்று பார்க்கச் சொன்னார். கையேட்டுப் பட்டியலில் இந்தத் தேடலுக்கு இடமே இல்லை. அங்கே சொல் இருக்கிறது, அது இணைக்க வேண்டிய உறவு இல்லை.

கொல்கத்தா டிராமைப் பற்றிக் கையேட்டு முறைப்படி ஒரு பத்தி எழுதிப் பார்ப்போம். 'இந்நகரில் குதிரை டிராம் 1873இல் ஓடத் தொடங்கியது. மேலும், 1902இல் மின்சார டிராம் வந்தது. ஆகவே, டிராமைக் காக்க வேண்டும்.' படிக்க வழுக்கிக்கொண்டு போகிறது. எதிலிருந்து எது பெறப்பட்டது? பழையது என்பதாலேயே காக்க வேண்டும் என்றால் அதைச் சொல்லி வாதாட வேண்டும். 'ஆகவே' அந்த வேலையை நமக்குத் தெரியாமல் விழுங்கிவிட்டது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. சீல்டாவிலிருந்து ஆர்மீனியன் காட் வரை ஓடிய அந்த 1873ஆம் ஆண்டு டிராம், ஏற ஆளில்லாமல் அதே ஆண்டிலேயே நின்றுபோனது. அந்த ஆண்டைச் சாட்சிக்கு அழைத்தால் அது எதிர்க்கட்சிக்காகப் பேசும். டிராம் வேண்டும் என்பதே என் கட்சியும். அதற்கு ஆண்டுக்கணக்கு போதாது. புகையில்லாத வண்டி என்று சொல்லலாம், சாலை நெரிசலை முன்வைத்து மறுப்பவருக்குப் பதில் சொல்லலாம். அப்படி எழுதினால் 'ஆகவே' இல்லாமலே வாதம் நிற்கும்.

'மேலும்' இன்னும் சோம்பேறி. இன்னொன்றும் இருக்கிறது என்பதைத் தவிர அது எதையும் சொல்வதில்லை. 'மேலும்' என்று தொடங்கும் இரண்டு பத்திகளை இடம் மாற்றிப் பாருங்கள். கட்டுரைக்கு ஒரு கீறலும் விழவில்லையென்றால் அங்கே ஓட்டம் ஏது? வெறும் அடுக்குத்தான்.

உறவைச் சொல்வது எப்படி என்பதற்கு நம்மிடம் பரிமேலழகர் இருக்கிறார். குறளின் அதிகாரங்களுக்கு உரை தொடங்கும்போது, முந்தைய அதிகாரத்துக்குப் பின் இது ஏன் வைக்கப்பட்டது என்று காரணம் காட்டுவார். சில இடங்களில் அந்தக் காரணம் வலிந்து கொண்டதாகவே எனக்குப் படுகிறது. ஆனாலும் காரணத்தை வெளிப்படையாக வைத்ததால் நாம் அவரோடு சண்டை போட முடிகிறது. 'மேலும்' என்ற சொல்லோடு யார் சண்டை போடுவது?

தொடக்கக்காரருக்குப் பட்டியல் ஓர் ஊன்றுகோல் என்பார்கள். நான் ஏற்கவில்லை. யோசிக்க வேண்டிய இடத்தில் சொல்லை ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் அப்போதே தொற்றிக்கொள்கிறது, தேர்வு முடிந்த பிறகும் விடுவதில்லை. நாளிதழ்த் தலையங்கங்களில் 'எனவே'க்கு மேலுள்ள வரியை ஒருமுறை நிறுத்திப் படித்தால் தெரியும்.

பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பட்டியலைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மாணவர் 'ஆகவே' என்று எழுதினால், எதனால் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் மதிப்பெண்ணைக் குறையுங்கள்.