கறை காலத்தின் முத்திரையா?

சென்ற குளிர்காலத்தில் தில்லியில் ஒரு புகைப்படக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். எல்லாம் கையால் ரசாயனம் பூசி, வெயிலில் காட்டி எடுத்த 'வான்டைக் பிரவுன்' படங்கள். பொருள், நம்ம ஊர்க் கோவில்கள். செய்தவர் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைதான். ஒளியும் நிழலும் அமைந்த விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோபுரத்துக்குப் பின்னால் வெளுப்பாக இருக்க வேண்டிய வானம் பல படங்களில் மஞ்சள் பாரித்துக் கிடந்தது. இரண்டில் கரும்புள்ளிகள் வேறு. கேட்டேன். "அது கறை இல்லை அங்கிள், காலத்தின் முத்திரை" என்றார். படம் செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை!

நான் ரசாயனம் படித்தவன் அல்ல. சாவ்ரி பஜாரில் நாற்பது வருஷமாகக் காகித வியாபாரம். புத்தகம் பார்த்து, மொட்டை மாடியில் செய்து, கெடுத்துக் கற்றுக்கொண்டவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கையின் தடம் வேறு, கறை வேறு. பிரஷ் ஓடிய ஓரம் ஏறுமாறாக இருப்பது கைவேலையின் அழகு. மஞ்சள், வேலையை முடிக்காமல் விட்டதன் அடையாளம்.

கறை வரும் வழிகள்

இந்த முறையில் காகிதத்தில் பூசுவது இரும்பு உப்பும் சில்வர் நைட்ரேட்டும். வெயில் பட்ட இடத்தில் இரும்பு மாறி, வெள்ளியைப் படமாகப் படிய வைக்கிறது. வெயில் படாத இடத்து இரும்பு தண்ணீரில் கரைந்து வெளியேற வேண்டும். அங்கேதான் நம்ம போர்வெல் தண்ணீர் காலை வாரிவிடும். காரத்தன்மையுள்ள தண்ணீர் பட்டால் இரும்பு துருப்போல் மாறிக் காகித நாரிலேயே தங்கிவிடும். அப்புறம் எத்தனை நேரம் கழுவினாலும் லேசில் போகாது. என் முதல் பத்துப் படங்கள் அப்படித்தான் பாழாயின. பரிகாரம் எளிது. முதல் இரண்டு மூன்று கழுவலுக்கு ஆர்.ஓ. தண்ணீரில், லிட்டருக்கு 5 கிராம் எலுமிச்சை உப்பு போட்டால் போதும். இங்கே மளிகைக் கடையில் 'நிம்பு சத்' என்று கேட்டால் தருவார்கள்.

அடுத்தது ஹைப்போ. படத்தை நிலைநிறுத்துவது அதுதான். காகிதத்தில் மிஞ்சினால் வெள்ளியை அரித்து மஞ்சளாக்குவதும் அதுதான். நூற்றுக்கு மூன்று பங்குக் கரைசல் போதும். பிறகு அரை மணி நேரமாவது மாற்று நீரில் அலச வேண்டும்.

கரும்புள்ளிக்குக் காரணம் பெரும்பாலும் பிரஷ்ஷின் தகரப் பட்டை. சில்வர் நைட்ரேட் உலோகத்தைத் தொட்டால் கறுக்கும். உலோகமில்லாத பிரஷ்ஷோ கண்ணாடிக் குச்சியோ நல்லது. காகிதத்தையும் பார்த்து வாங்க வேண்டும். 'அமிலமற்றது' என்று நானே பெருமையாக விற்கும் காகிதம் பலவற்றில் கால்சியம் கார்பனேட் சேர்த்திருக்கும். பத்திரம் எழுத அது உத்தமம். இந்த வேலைக்கு இடைஞ்சல்.

முன்னோர் பட்ட கவலை

இது புதுக் கவலை அல்ல. படங்கள் ஏன் மங்குகின்றன என்று ஆராய, லண்டன் புகைப்படச் சங்கம் 1855இலேயே ஒரு குழு அமைத்தது. சரிவரக் கழுவாததை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அது சொன்னது. 1858இல் லின்னேயஸ் டிரைப் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோவில் விமானத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்துச் சேர்த்து ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. அவர் படங்கள் பல இன்றும் தெளிவாக இருக்கின்றன. அவரும் கறையை 'முத்திரை' என்று விட்டிருந்தால், எது எழுத்து, எது கறை என்று இன்று யார் பிரித்துச் சொல்வது?

அந்தப் பிள்ளையின் பெற்றோர் இதைப் படித்தால் வருந்த வேண்டாம். அவர் கண்ணில் கலை இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். அவரிடம் ஒரு படம் வாங்கி வீட்டில் மாட்டியிருக்கிறேன். மதுரைத் தெற்குக் கோபுரம். அதை ஊர் பார்த்திராத என் பேத்தி ஒருநாள், "தாத்தா, அங்கே வானம் மஞ்சளா இருக்குமா?" என்று கேட்டாள்.

இல்லையம்மா, தண்ணீர் சரியில்லை என்றேன்.