காட்டுக்கு யார் தந்தது வாடகை?

திருமானூரில் கொள்ளிடம் உண்டு, மலை கிடையாது. அதனால் 'நடுக்காட்டில் குடில், வாடகைக்கு' என்றால் மனசு பறக்கும். டாப்ஸ்லிப்பில் வனத்துறை விடுதி கிடைத்தால் ஓடுவோம். ஆனால், போனதும் முதல் கேள்வி, 'டவர் கிடைக்குமா?' யானை வராவிட்டால் 'காசு வேஸ்ட்' என்று புலம்பல் வேறு.

பிரிட்டிஷ் காலத்தில் மரங்களை வெட்டி, மலையிலிருந்து சறுக்கிவிட்ட இடம் அது; பெயரே அப்படித்தான் வந்தது. மொட்டையான காட்டை மீட்டவர் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி. கைத்தடியால் குழி பறித்து, தேக்கு விதைகளைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். 1933-ல் இறந்தவரின் கல்லறையும் அங்கேயே, மரங்களுக்கு நடுவில்தான் இருக்கிறது.

தங்க வருபவர்கள் ஒரு நிமிஷம் அங்கே போய் நிற்கலாம். நாம் கொடுப்பது அறை வாடகை மட்டும்தான் சார். காட்டுக்கான வாடகையை ஒருத்தர் நமக்கும் சேர்த்து முன்னாடியே கட்டிவிட்டார்.