அத்திப்பட்டிக்கு மழையே பெய்வதில்லையா?

தமிழ் நாடக உலகில் தண்ணீரையே கதைத் தலைவனாக்கிய நாடகம் ஒன்றைச் சொல் என்றால், கோமல் சுவாமிநாதன் எழுதிய ‘தண்ணீர் தண்ணீர்’ தான் எவர்க்கும் நினைவுக்கு வரும். 1980இல் மேடையேறிய அந்நாடகத்தை மறு ஆண்டே கே. பாலசந்தர் திரைப்படமாக்கினார். சிறந்த தமிழ்ப்படம், சிறந்த திரைக்கதை என்னும் இரு தேசிய விருதுகள் அதற்குக் கிடைத்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. நாடகத்தின் சூடு ஆறவில்லை. ஆறவில்லை என்பதனாலேயே அதை இன்று மீண்டும் ஒருமுறை நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கதை எளியது. கோவில்பட்டிச் சீமையின் கரிசல் மண்ணில் அத்திப்பட்டி என்றொரு கற்பனைச் சிற்றூர். குடிக்க நீர் இல்லை. மனு எழுதி எழுதி ஊரார் கை சலித்துவிட்டது. சட்டத்துக்கு மறைந்து வாழும் வெள்ளைச்சாமி என்பவன் அவ்வூருக்கு வந்து சேர்கிறான். தொலைவிலுள்ள தேனூத்து என்னும் ஊற்றிலிருந்து மாட்டு வண்டியில் நீர் கொண்டு வருகிறான். தண்ணீர் இல்லையேல் வாக்கும் இல்லை என்று ஊர் உறுதி கொள்கிறது. வண்டிக்குக் கேடு வருகிறது. ஊரே மண்வெட்டி எடுத்துத் தேனூத்திலிருந்து கால்வாய் வெட்டப் புறப்படுகிறது. அதிகாரம் குறுக்கே நிற்கிறது. காவல்துறையிற் பணி செய்யும் கணவனுக்கும் பிறந்த ஊருக்கும் இடையே செவந்தி தவிக்கிறாள்.

இந்நாடகத்தின் பெருமை யாது? வறட்சி என்றால் வானத்தைப் பழித்து ஓய்வதே நம் வழக்கம். அவ்வழக்கத்தைக் கோமல் உடைத்தார். ஒரு குடம் நீருக்கும் ஓர் ஊருக்கும் நடுவே எத்தனை மேசைகள், எத்தனை கோப்புகள், எத்தனை தன்னலங்கள் நிற்கின்றன என்பதை மேடையில் வரிசையாக நிறுத்திக் காட்டினார். கரிசல் மக்களின் பேச்சையும் அவர்களின் கேலியையும் சிதைக்காமல் கொணர்ந்தார். இவ்வளவும் துணிந்து செய்த நாடகங்கள் தமிழில் மிகச் சில.

ஆயினும், எனக்கு ஒரு குறை உண்டு. நாடகத்தின் நம்பிக்கை முழுவதும் தேனூத்தின் பக்கமே திரும்பியிருக்கிறது. நீர் எங்கோ இருக்கிறது. அதை இங்கே கொண்டுவர வேண்டும். வண்டியாயினும் கால்வாயாயினும் எண்ணம் அதுவே. அத்திப்பட்டியின் தலைமீது விழும் மழை என்னவாயிற்று என்ற கேள்விக்குக் கதையில் இடமில்லை.

அந்த வட்டாரம் பாலைவனம் அன்று. அரை வறள் நிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ அறுபது, எழுபது சென்டிமீட்டர் மழை பெறும் பூமி. ஆனால் அம்மழையிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிச் சில நாட்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஆகவே அங்கே நீர்ச்சிக்கல் என்பது பெய்வதைப் பற்றியது மட்டுமன்று, பிடிப்பதைப் பற்றியதுமாகும்.

இதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். பள்ளம் கண்ட இடத்தில் நீரைத் தேக்குமாறு பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுறுத்தியதைப் புறநானூற்றின் 18ஆம் பாட்டிற் காணலாம். தமிழ்நாட்டில் இன்றும் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் எண்ணப்படுகின்றன. மழைநீரைக் கொணர வரத்துக்கால், தேக்கக் கரை, வயலுக்கு விட மடை, மிகுநீர் வழியக் கலுங்கு. ஒரு கண்மாயின் மிகுநீர் அடுத்த கண்மாய்க்கு வரவாகும். குடிநீருக்கு ஊருணி தனி. கண்மாய் நிறைந்தால் சுற்றியுள்ள கிணறுகளும் ஊறும். அடுத்த ஆண்டு வானம் பொய்த்தாலும் அக்கிணறுகள் சிறிது காலம் கைகொடுக்கும். தூர் எடுப்பதும் கரை கட்டுவதும் ஊராரின் பொறுப்பு. அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

இவ்வமைப்பு ஏன் தளர்ந்தது? நிருவாகம் ஊராரின் கையை விட்டு அரசின் கைக்குப் போயிற்று. 1858இல் ஆங்கில அரசு குடிமராமத்து வேலையைச் சட்டத்தால் கட்டாயமாக்க முனைந்தது. உரிமை இல்லாத இடத்தில் கடமை மட்டும் எத்தனை நாள் நிற்கும்? பின்னர் ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன, கண்மாயை மறந்தோம். வரத்துக்கால்களை ஆக்கிரமித்தனர். நீர்ப்பரப்பில் சீமைக்கருவேலம் மண்டிற்று. 2017இல் தமிழ்நாட்டரசு குடிமராமத்தைப் புதுப்பித்தது நல்ல தொடக்கமே. ஆனால் அப்பெயரில் உள்ள ‘குடி’ எந்த அளவுக்குத் திரும்பி வந்தது என்பதைக் கொண்டே அதை மதிக்க வேண்டும்.

“நாடகம் எழுதியவரைப் பொதுப்பணித்துறைப் பொறியாளராக இருக்கச் சொல்கிறீரா?” என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. பழைய ஏற்பாடு பொற்காலம் என்றும் நான் சொல்லவில்லை. பல ஊர்களில் கரைக்கு மண் சுமந்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊருணியில் இறங்கி நீர் மொள்ளும் உரிமை இருந்ததில்லை. அக்கொடுமையையும் மேடையேற்றியிருந்தால் நாடகம் இன்னும் ஆழமாகியிருக்கும். நீர் அரசியலைச் சொல்ல வந்த கலைஞர் கண்மாயைத் தொட்டிருந்தால், அந்த அரசியலின் வேரையே தொட்டிருப்பார் என்பதுதான் என் வாதம்.

காலமும் இவ்வாதத்துக்குச் சான்று தருகிறது. 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 2017 தொடக்கத்தில் தமிழ்நாடு வறட்சி மாநிலமாக அறிவிக்கப்பட்டது. ஏழாண்டு முடிவதற்குள், 2023 டிசம்பரில், அதே தூத்துக்குடி மாவட்டத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஓராண்டு மழையை மிஞ்சிய மழை ஒரு நாளில்! குளங்கள் உடைந்தன, ஊர்கள் மூழ்கின. புவி வெப்பம் ஏற ஏற, வானம் இவ்வாறு இரு கோடிகளுக்கும் தாவும் என்று அறிவியலார் எச்சரிக்கின்றனர். 1980இன் அத்திப்பட்டிக்கு இன்மை ஒன்றே துயர். இன்றைய அத்திப்பட்டிக்கு இன்மையும் மிகுதியும் சேர்ந்தே துயர். தேனூத்துக் கால்வாய் முன்னதற்கு மட்டுமே மருந்து. கரை பலமாய், கலுங்கு திறப்பாய் உள்ள கண்மாய் இரண்டுக்கும் துணை.

லுக்குட்டில் இருந்துகொண்டு இதை ஏன் எழுத வேண்டும்? கோவில்பட்டியைப் போல் இரு மடங்குக்கும் மேல் மழை பெறும் மண் இது. ஆனால் நம் முன்னோருட் பலரை வறட்சியும் பஞ்சமுந்தான் கப்பலேற்றி இத்தோட்டங்களுக்கு அனுப்பின. தண்ணீர் இல்லாத ஊரின் பேரப் பிள்ளைகள் நாம். இங்கும் 2014 தொடக்கத்தில் மழை பின்வாங்கிய சில வாரங்களிலேயே நெகிரி செம்பிலானில் நீர் நெருக்கடி அறிவிக்கப்பட்டது. மழை மிகுந்த நாடு என்பது காப்பீடு ஆகாது.

இந்நாடகத்தை மாணவரிடையே பேசும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். செவந்தியின் கண்ணீரைச் சொல்லுங்கள். ஊராரின் ஒற்றுமையைச் சொல்லுங்கள். பின்னர்க் கரும்பலகையில் வரத்துக்கால், கரை, மடை, கலுங்கு இவற்றுடன் ஒரு கண்மாயை வரைந்து காட்டுங்கள். அதன் கீழே, “இதை யார் தூர் எடுப்பது? இதில் யார் நீர் எடுப்பது?” என்று இரண்டு வினாக்களை எழுதுங்கள். கோமல் தொடங்கிய நாடகத்தின் அடுத்த காட்சி அங்கிருந்தே தொடங்கும்.